வாடகை வீட்டுத் தரையில் சூட்டுத் தழும்பு

இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் நம்மவர் வீடுகளில் கார்பெட் பொசுங்குவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இஸ்திரி மேசையை விரிக்க இடமில்லாமல் தரையில் துண்டைப் போட்டுத் தேய்ப்பார்கள். முடியை நேராக்கும் கருவியை அணைக்காமல் கட்டிலோரம் வைப்பார்கள். ஊதுபத்தியின் கங்கு உதிரும், ஆரத்தித் தட்டிலிருந்து கற்பூரம் சரியும், சாம்பிராணித் தட்டின் அடிச்சூடு கார்பெட்டில் இறங்கும். அடுப்படியில் லினோ விரித்த தரையில் கொதிக்கும் வாணலியை இறக்கி வைப்பதும் உண்டு.

பொசுங்கியது பெரிய நஷ்டமில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் பதறிப்போய்ச் செய்யும் வேலைதான் பெரிய நஷ்டம். ஈரத்துணியால் தேய்த்துக் கரியை நாலு பக்கமும் பரப்புவது, ப்ளீச் ஊற்றுவது, சமையல் கத்தரியால் வேரோடு வெட்டுவது என்று போய், ஒரு ரூபாய்க் காசு அளவுத் தழும்பு சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிடும். வாடகை வீடு என்பதால் அந்தத் தட்டு அளவுக்கும் டெபாசிட்டிலிருந்து பதில் சொல்ல வேண்டி வரும்.

முதல் பத்து நிமிடம்

இஸ்திரிப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உருகிய இழை இளகியிருக்கும்போதே பெட்டியை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் உருகிய பிசின் அடுத்த இழைகளிலும் பூசிக்கொள்ளும். ஆறவிட்டுப் பிடுங்கினால் இழைகள் கொத்துக் கொத்தாக வேரோடு வரும். கற்பூரமோ கரித்துண்டோ விழுந்திருந்தால் உலோகக் கரண்டியால் அள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கைப்பிடி நீரைத் தெளியுங்கள். வாளி நீர் வேண்டாம். கார்பெட்டின் அடியில் இருக்கும் அண்டர்லே கடற்பாசி போல நீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் நாறும்.

பிறகு அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மேலே அணைந்தாலும் அண்டர்லேயின் நுரைப்பஞ்சு உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். சூடு குறையாமல் கூடினாலோ புகை நெடி ஏறினாலோ வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு 999ஐ அழைக்க வேண்டியதுதான்.

ஆறும்வரை தேய்க்கக் கூடாது, சுரண்டவும் கூடாது. ஆறிய பிசின் கண்ணாடி போல இறுகும். இறுகிய பிறகு அதை முறித்து எடுப்பது எளிது. சூட்டோடு தொட்டால் அது கம்பியாக நீண்டு பக்கத்து இழைகளைச் சுற்றிக்கொள்ளும்.

இழை எது, ஆழம் எவ்வளவு

எந்தக் கார்பெட் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. வாடகைக்கு விடும் வீடுகளில் அதிகம் போடுவது பாலிப்ரொப்பிலீன். விலை குறைவு, கறை எளிதில் போகும். ஆனால் சூடு தாங்காது. ஏறக்குறைய 160 முதல் 170 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பருத்திக்காக மூன்று புள்ளியில் வைத்த இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 டிகிரியைத் தொடும். முடி நேராக்கும் கருவிகளில் பல 230 டிகிரி வரை போகும். அதனால்தான் அவை பட்டதும் கார்பெட்டில் அச்சு விழுகிறது. நைலானில் ஒரு வகை 220 டிகிரி வரையும் இன்னொரு வகை 260 வரையும் தாங்கும். பாலியஸ்டரும் 250ஐத் தாண்டித்தான் உருகும். கம்பளி உருகாது. நுனி கருகும், தீ விலகினால் தானே அணைந்துவிடும். கொஞ்சம் நல்ல வீடுகளில் எண்பது பங்கு கம்பளியும் இருபது பங்கு நைலானும் கலந்த கார்பெட்டைக் காணலாம்.

பாலிப்ரொப்பிலீனா என்று கண்டுபிடிக்க நெருப்பு வேண்டியதில்லை. சுவரோடு பதித்த அலமாரியின் உள்மூலையிலிருந்து நாலைந்து இழைகளைக் கத்தரித்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட நீரில் போட்டு, காற்றுக்குமிழி போகும்படி விரலால் நசுக்குங்கள். பாலிப்ரொப்பிலீன் நீரைவிட லேசானது என்பதால் மிதக்கும். நைலான், பாலியஸ்டர், கம்பளி மூன்றும் மூழ்கும். மூழ்கியது கம்பளியா என்று அறிய, ஓரிழையை உலோக இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நெடியும் விரலில் பொடியாகும் சாம்பலும் வந்தால் கம்பளி. இறுகிய மணி போல உருண்டால் செயற்கை இழை.

இப்போது ஆழம். பகல் வெளிச்சத்தில் இரண்டு விரலால் இழைகளை விரித்து வேரைப் பாருங்கள். நுனி மட்டும் கருகி வேர்ப்பக்கம் பழைய நிறத்தில் இருந்தால் அது மேலோட்டமான காயம். வேர்வரை கருகி, இழைகளைத் தாங்கும் அடித்துணி மட்டும் முழுசாக இருந்தால் இழை நடவு அல்லது சிறு ஒட்டு போதும். அடித்துணியும் இளகிச் சுருங்கியிருந்தாலோ, அழுத்தும்போது கீழே பள்ளம் தட்டுப்பட்டாலோ அண்டர்லேயும் போயிருக்கிறது என்று பொருள். அதற்குப் பெரிய ஒட்டுதான்.

மேலோட்டமான காயம்

முதலில் அந்த இடத்தையும் சுற்றி ஓர் அடியையும் வாக்குவம் செய்யுங்கள். நகம் வெட்டும் வளைந்த சிறு கத்தரி போதும். வளைவின் முதுகு கார்பெட்டைப் பார்த்திருக்கட்டும், அப்போதுதான் முனை குத்தாது. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகளை விரலால் நிமிர்த்திவிட்டு மறுபடி வெட்டுங்கள். இழையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கலாம். எட்டு மி.மீ. இழை என்றால் இரண்டரை மி.மீ. அதற்கு மேல் போனால் குழி தெரியும். காயத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை தூரத்துக்கு அரை மி.மீ., கால் மி.மீ. என்று குறைத்துக்கொண்டே போனால் விளிம்பு கண்ணில் படாது.

கம்பளியானால் கத்தரிக்கும் முன் நுண்ணிய உப்புத்தாளால் நுனியை மெல்லத் தடவிப் பாருங்கள். கருகிய கம்பளி பொடிந்து உதிரும், பாதி வேலை அதிலேயே முடியும். மிஞ்சும் பழுப்புக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு நீரில் கலந்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு போடச் சொல்வார்கள். அது பழுப்போடு கார்பெட்டின் நிறத்தையும் எடுக்கக்கூடியது, மறைவான மூலையில் சோதிக்காமல் தொட வேண்டாம். ப்ளீச் கம்பளி இழையையே கரைத்துவிடும். அதைக் கொண்டு வரவே வேண்டாம்.

செயற்கை இழையில் உப்புத்தாள் பயன்படாது. இறுகிய மணிகளைத் தனித்தனியாக நுனியில் வெட்டி எடுப்பதுதான் வழி. வெட்டிய இடம் கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை அரை அடி உயரத்தில் பிடித்து நீராவி மட்டும் காட்டிவிட்டுப் பழைய பல்துலக்கியால் வாரினால் பக்கத்து இழைகள் சரிந்து மூடும். பாலிப்ரொப்பிலீனில் நீராவியையும் தூரத்திலிருந்தே காட்ட வேண்டும். பெட்டியின் தகடு தொட்டால் இரண்டாவது தழும்பு.

கத்தி எடுக்கும் முன் கடிதம்

நுனி கத்தரிப்பது வரை யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது. கார்பெட்டை வெட்டப்போகிறீர்கள் என்றால் வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ மின்னஞ்சலில் எழுதி, எழுத்திலேயே சம்மதம் வாங்குங்கள். கார்பெட் அவருடைய சொத்து. கேட்காமல் வெட்டி ஒட்டி அது சரியாக வராமல் போனால், பொசுக்கியது ஒன்று, வெட்டியது ஒன்று என்று இரண்டு கணக்காகும்.

எழுதும் முன் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து அருகிலிருந்து ஒன்று, முழு அறையும் தெரியும்படி ஒன்று. குடிவந்தபோது கையெழுத்திட்ட இன்வென்டரியை, அதாவது வீட்டிலுள்ள பொருட்களின் நிலையைக் குறித்த பட்டியலை எடுத்து, அந்த அறைக் கார்பெட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முன்பே கறை, தேய்வு என்று இருந்தால் அது உங்களுக்கு ஆதாரம்.

சூட்டுத் தழும்பு சேதம்தான். நடந்து தேய்ந்த தேய்வு என்று அதைச் சொல்லிவிட முடியாது, வாதாடிப் பயனில்லை. ஆனால் சேதத்துக்காகப் புதுக் கார்பெட்டின் முழு விலையையும் கேட்க முடியாது. பழையதற்குப் பதில் புதியது வாங்கி வீட்டுக்காரர் லாபமடையக் கூடாது என்பதுதான் டெபாசிட் தகராறுகளைத் தீர்ப்பவர்கள் பின்பற்றும் விதி. கணக்கு இப்படிப் போகும்: 600 பவுண்டுக்குப் போட்ட கார்பெட், எட்டு வருடம் உழைக்கக்கூடியது, பொசுங்கும்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது என்றால் வருடத்துக்கு 75 பவுண்டு வீதம் மிச்சமிருக்கும் மூன்று வருடத்துக்கு 225 பவுண்டு. முழுக் கார்பெட்டையும் மாற்றியே தீர வேண்டும் என்றால் வரும் தொகை இது. மூலையில் ஒரு சிறு தழும்பு என்றால் இதற்கும் கீழேதான் நியாயம். மலிவான கார்பெட், பழைய கார்பெட் என்றால் இந்தத் தொகை இன்னும் சுருங்கும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டுப் போடுவது லாபமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007 ஏப்ரல் 6 முதல் வீட்டுக்காரர் டெபாசிட்டைத் தன் கணக்கில் சும்மா வைத்திருக்க முடியாது. டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்ற மூன்றில் ஒன்றில் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தகராறு வந்தால் அங்கேயே இலவசமாகத் தீர்ப்புக் கேட்கலாம். பணத்தைப் பிடிக்க ஆதாரம் காட்ட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல், வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட்டே ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. உங்களிடம் வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால், வாடகைதாரர் பொறுப்பு என்ற பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகை பழுதுச் செலவைவிட அதிகமானால் கோருவதில் பொருளில்லை.

தழும்பின் மேல் சிறு கம்பளம் விரித்து மறைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு வருடம் கழித்து அதை எடுக்கும்போது சுற்றிலும் வெயிலில் வெளுத்து, கம்பளம் இருந்த இடம் மட்டும் கருத்த நாற்சதுரமாக நிற்கும். தழும்பு நடுவில் அப்படியே இருக்கும்.

கங்கு விழுந்த சிறு துளை

ஒரு செ.மீ.க்குள் இருக்கும் துளைக்கு இழை நட்டால் போதும். மழுங்கிய கத்தி நுனியால் கரியை அடித்துணி தெரியும்வரை சுரண்டி வாக்குவம் செய்யுங்கள். அலமாரிக்குள் மறைவான இடத்தில், ஒரே இடத்தில் எடுக்காமல் பரவலாக, நீளமான இழைகளை வேரருகே கத்தரித்துச் சேருங்கள். காப்பிடெக்ஸ் மாதிரியான வெள்ளை லேடெக்ஸ் பசையை ஈர்க்குச்சியால் துளையின் அடியில் ஒரு மி.மீ. கனத்துக்குத் தடவி, இடுக்கியால் ஐந்தாறு இழைகளாகக் கொத்துப் பிடித்து, நாற்று நடுவது போல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நெருக்கமாக நடுங்கள். சுற்றியுள்ள இழைகளைவிட ஒரு மி.மீ. உயர்ந்தே நிற்கட்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு சமமாகக் கத்தரிக்கலாம். பசை அதிகமானால் இழைகளுக்கிடையே ஏறிக் காய்ந்து, மிதிக்கும்போது முள் போல உறுத்தும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். கல்லாக இறுகி, பிறகு யாராலும் சரிசெய்ய முடியாத வெள்ளைப் பொருக்காகிவிடும்.

காயம் ஒன்றிலிருந்து மூன்று செ.மீ. வரை என்றால் வட்ட வெட்டி நல்லது. கூரான விளிம்புள்ள உலோகக் குழாய்த் துண்டுதான் அது. அதே வெட்டியால் காயத்தையும் மாற்றுத் துண்டையும் வெட்டினால் அளவு அச்சாகப் பொருந்தும். அழுத்தி அறைய வேண்டாம், திருகித் திருகி இறக்குங்கள்.

இஸ்திரிப் பெட்டி அச்சு

முதல் கேள்வி, மாற்றுத் துண்டு எங்கே? கார்பெட் போட்டவர்கள் மிச்சத்தைப் பெரும்பாலும் பரணிலோ மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியிலோ விட்டுப் போயிருப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவருக்கே நினைவிருக்காது. இல்லையென்றால் சுவர் அலமாரியின் உள்தரையிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கும் சம்மதம் எழுத்தில் வேண்டும், எடுத்த இடத்தில் நிறம் நெருங்கிய வேறு துண்டைப் பொருத்தவும் வேண்டும். கடையில் அதே நிறம் என்று வாங்கி வருவது பொருந்தாது. ஒரே நிறத்தில் அடுத்தடுத்த சாய நாளில் வந்த சுருள்களே கொஞ்சம் வேறுபடும்.

வெட்டுவதற்கு முன் அறையின் அந்தப் பகுதியைக் கார்பெட் ஷாம்பூவால் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். அழுக்குக் கார்பெட்டுக்கு நிறம் பார்த்துவிட்டுப் பிறகு கழுவினால் ஒட்டு தனியாகத் தெரியும்.

அடுத்தது சாய்வு. ஒட்டுப் போட்டது வெளியே தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகப் போகும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். வழுவழுப்பாகப் போகும் திசையில் அம்புக்குறி போட்டு, தரையில் ஒரு மாஸ்கிங் டேப், மாற்றுத் துண்டில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். திசை மாறினால் எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாலும் ஒட்டு ஒரு பக்கமிருந்து வெளுத்தும் இன்னொரு பக்கமிருந்து கருத்தும் தெரியும்.

ஒட்டுத் துண்டை முதலில் வெட்டுங்கள், துளையைப் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒட்டு பெரிதானால் நறுக்கிக்கொள்ளலாம், துளை பெரிதானால் அதைச் சுருக்க வழியில்லை. காயத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. கூட வைத்து நேர்விளிம்புள்ள செவ்வகமாக வெட்டுங்கள். பெட்டியின் அச்சு வடிவத்திலேயே வெட்டுவது வேண்டாத வேலை. ஸ்டான்லி கத்தியில் புதுத் தகடு போட்டு, வெட்டும் கோட்டில் தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் இழைகளை வகிடெடுங்கள். வகிடுக்குள் அடித்துணி மட்டும் வெட்டுப்பட வேண்டும். இழைகளைச் சேர்த்து வெட்டினால் விளிம்பு மொட்டையாகி, ஒட்டிய பிறகு சுற்றிலும் கோடு விழும். மாற்றுத் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வெட்டுவது இன்னும் சுத்தம்.

வெட்டிய ஒட்டை அம்புக்குறி பொருந்தும்படி காயத்தின் மேல் வைத்து, நகராமல் அழுத்திப் பிடித்து, அதன் விளிம்பையே அச்சாக வைத்துக் கீழே வகிடெடுத்து வெட்டுங்கள். கத்தி முனை அண்டர்லேயைக் கிழிக்கக் கூடாது. ஒரு பக்கம் வெட்டியதும் விளிம்பைத் தூக்கி, உள்ளே ஒரு அட்டையைச் செருகிவிட்டு மற்ற மூன்று பக்கங்களை வெட்டினால் பயமில்லை.

இங்கேதான் பலர் திகைத்துப்போவார்கள். கார்பெட் சுவரோரத்தில் கிரிப்பர் என்ற முள் பதித்த கட்டைகளில் இழுத்து மாட்டப்பட்டிருக்கிறது. துளை விழுந்ததும் விளிம்புகள் ஒன்றிரண்டு மி.மீ. பின்வாங்கும். வெட்டும் முன்பே நாலு பக்கமும் ஓரடி தள்ளிக் கனமான பொருட்களை வைத்து, துளையை நோக்கிக் கார்பெட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஆணி அடித்துப் பிடிக்கும் வழக்கம் தொழில்காரர்களுக்கு உண்டு. வாடகை வீட்டில் அது வேண்டாம், பலகைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ எங்கே ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியாது.

அண்டர்லே உருகியிருந்தால் அந்த அளவுக்கு வெட்டியெடுத்து, அதே கனமுள்ள துண்டு வையுங்கள். ஒரு மி.மீ. குறைந்தாலும் கால் பட்டால் பள்ளம் தெரியும். பிறகு துளையின் விளிம்பிலும் ஒட்டின் விளிம்பிலும் அடித்துணியில் மட்டும் லேடெக்ஸ் பசையை மெல்லிய கோடாக ஓட்டி, வெள்ளை நிறம் மங்கும்வரை விடுங்கள். இது இழை பிரியாமல் காக்கும். இதை விட்டுவிட்டு டேப் மட்டும் ஒட்டினால் நாலு மாதத்தில் வாக்குவம் போடப்போட ஓர இழைகள் உதிர்ந்து வாய்க்கால் விழும்.

ஐந்து செ.மீ. அகலக் கார்பெட் டேப்பின் பாதியைப் பழைய கார்பெட்டின் அடியிலும் பாதியைத் துளைக்குள்ளும் வரும்படி நாலு பக்கமும் ஒட்டுங்கள். ஒட்டை நடுவில் லேசாக வளைத்துப் பிடித்து, விளிம்புகளை முதலில் பொருத்தி, பிறகு நடுவை அழுத்தினால் மூட்டு நெருக்கமாக விழும். இடையில் மாட்டிய இழைகளை ஊசியால் எடுத்துவிட்டு, பழைய முள்கரண்டியால் இரு பக்கமும் கலந்து வாருங்கள். மேலே பேக்கிங் தாள் போட்டுக் கனமான புத்தகங்களை ஒரு நாள் வையுங்கள். இரண்டு நாள் வாக்குவம் வேண்டாம். துருத்தும் இழைகளை மட்டும் கடைசியில் கத்தரியால் சமப்படுத்தலாம்.

அலமாரிக்குள் இருந்து எடுத்த துண்டு வெயில் படாதது. முதல் மாதங்களில் கொஞ்சம் புதிதாகத்தான் தெரியும், மிதிபட்டுப் பழகும்.

கண்ணி கண்ணியாக நெய்த கார்பெட்டானால் வரிசைக்கு வரிசை வெட்ட வேண்டும். துருத்தும் நூலை ஒருபோதும் இழுக்காதீர்கள், ஸ்வெட்டர் பிரிவது போல வரிசை முழுக்கப் பிரிந்து வரும். மாடிப்படியிலும் கதவு நிலையிலும் விழுந்த தழும்புக்குக் கார்பெட் போடுபவரையே கூப்பிடுங்கள். அங்கே டேப் மூட்டு நிற்காது, அவர் சூடாக்கி ஒட்டும் டேப்பால் மூட்டுவார். படியில் மூட்டு பெயர்ந்தால் கால் தடுக்கும்.

கார்பெட் இல்லாத தரை

லேமினேட் தரையில் நீங்கள் பார்ப்பது மரமில்லை. மர ரேகை அச்சிட்ட தாள், மேலே கண்ணாடி போன்ற பிசின் பூச்சு, கீழே அழுத்திய மரநார்ப் பலகை. உப்புத்தாள் போட்டால் படமே போய்விடும். மஞ்சள் நிழல் மட்டும் விழுந்திருந்தால் வெள்ளைத் துணியில் மெதிலேட்டட் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகே நெருப்பு கூடாது. பல நேரம் அது பாத்திரத்தின் அடிக்கறையாகவே இருந்து போய்விடும். போகாவிட்டால் பூச்சுக்கு அடியில் பிடித்துவிட்டது என்று பொருள்.

தாள் கருகியிருந்தால் கடின மெழுகு நிரப்பும் பெட்டி வாங்குங்கள். அதில் பேட்டரியில் சூடாகும் முனை, பல நிற மெழுகுக் குச்சிகள், சுரண்டும் பிளாஸ்டிக் தகடு எல்லாம் இருக்கும். கரியை முழுக்கச் சுரண்டியெடுங்கள், மிஞ்சினால் மெழுகு ஒட்டாது. பலகையின் மிக வெளிர் நிறத்தை முதலில் உருக்கி ஊற்றி, மேலே இரண்டு கருத்த நிறங்களை ரேகையின் போக்கில் கலந்து, கொஞ்சம் மேடாக நிரப்பி, ஆறியதும் தகடால் சமமாகச் சீவுங்கள். ஒரே நிறத்தில் நிரப்பினால் பொட்டு வைத்தது போல நிற்கும். பலகை ஊதியிருந்தால் மெழுகு பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். சுவரோர வரிசை என்றால் பட்டியைக் கழற்றிப் பிரித்து மாற்றலாம். அறையின் நடுவில் இருக்கும் பலகையைத் தொழில்காரரிடம் விடுங்கள்.

லினோ என்று நாம் சொல்லும் விரிப்பு பெரும்பாலும் பிவிசி வினைல். வாணலி வைத்த பழுப்பு வளையம் கறையில்லை, பொருளே வெந்துபோனது. தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சைக் கெடுக்காதீர்கள். மிச்சத் துண்டு இருந்தால் அதைக் காயத்தின் மேல் வைத்து, டைல் படத்தின் கோடுகள் பொருந்தும்படி ஒட்டிப் பிடித்து, இரும்பு அளவுகோல் வைத்து இரண்டு அடுக்கையும் ஒரே வெட்டில் வெட்டுங்கள். வெட்டு டைல் கோட்டின் மேலேயே போகட்டும், அங்கே மூட்டு கண்ணில் படாது. பழையதை எடுத்துவிட்டு, அடியில் வினைல் பசை தடவிப் புதியதைப் பொருத்தி, மூட்டில் குளிர் ஒட்டுத் திரவத்தை ஊசிமுனைக் குழாயால் விடுங்கள். அது இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கும், நீர் இறங்காது. மேலே சிந்தினால் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் படம் இழுத்துக்கொண்டு வரும்.

ஒரு இடத்தில் மட்டும் வேலையை உடனே நிறுத்த வேண்டும். விரிப்பைத் தூக்கியதும் கீழே பழைய கெட்டி டைல்களோ, தார் போன்ற கறுத்த பசையோ தெரிந்தால், சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், பெருக்கவும் வேண்டாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முன் போட்ட தரை டைல்களிலும் பசையிலும் அது இருக்கக்கூடும். அசைக்காமல் இருந்தால் ஆபத்து குறைவு, தூளாகி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. விரிப்பை மெல்ல மூடிவிட்டு வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். சோதித்துப் பார்ப்பது அவர் வேலை.

அசல் மரத்தரையில் கரியைச் சுரண்டிவிட்டு 120, 180, 240 என்று உப்புத்தாள் எண்ணை ஏற்றி, ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். மேலே மட்டும் மரத்தோல் ஒட்டிய பலகைகளில் அந்தத் தோல் மூன்று நாலு மி.மீ.தான் இருக்கும், சில பலகைகளில் இன்னும் மெல்லியது. குழி பறிக்க அங்கே இடமில்லை. பூச்சு என்னவென்று அறிய மறைவான இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். மெல்ல உள்ளே இறங்கிக் கருத்தால் எண்ணெய்ப் பூச்சு, முத்தாக நின்றால் வார்னிஷ். எண்ணெய்ப் பூச்சில் தேய்த்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் தடவினால் கலந்துவிடும். வார்னிஷ் தரையில் பொட்டாகப் பூசினால் பளபளப்பு வேறுபடும். அந்தப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூச வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். மர எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியே காயவைத்தோ நீரில் ஊறவைத்தோ எறியுங்கள்.

விளக்கு வைக்கும் இடம்

பித்தளைத் தாம்பாளம் சூட்டைத் தடுக்காது, அப்படியே கீழே கடத்தும். முப்பது செ.மீ. பீங்கான் டைல் ஒன்று வாங்கி, நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, கார்பெட்டுக்கும் டைலுக்கும் நடுவே காற்று போகும்படி வைத்து, அதன் மேல் தாம்பாளத்தை வையுங்கள். கற்பூரம் தட்டிலிருந்து சரிந்தாலும் டைலுக்குள்ளேயே விழும், விளக்கின் எண்ணெய் சிந்தினாலும் கார்பெட்டில் இறங்காது. சாம்பிராணியைக் கரண்டியோடு அந்த டைலிலேயே வைக்கலாம். ஆனால் கரி முழுக்க ஆறும்வரை அறையை விட்டுப் போகாதீர்கள்.

ஒட்டுப் போட்டது எதுவானாலும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பசை, டேப் வாங்கிய ரசீது, சம்மத மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். மிச்சமான மாற்றுத் துண்டைச் சுருட்டி, எந்த அறையது என்று எழுதி ஒட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீடு காலி செய்யும் நாளில் ஏஜென்டிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.